சுருள், திரி, மின்கலம்: மாணவர் கையில் இருப்பது என்ன?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைக்கு அடியில் எதையோ திருகிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகக் குழாய். ஒரு பக்கம் பொத்தான், உள்ளே ஒரு மின்கலம், மேல் முனையில் ஸ்பிரிங் போலச் சுற்றிய மெல்லிய கம்பி.

"என்னடா இது?"

"சின்ன ஹீட்டர் டீச்சர். நானே செஞ்சது."

பொத்தானை அழுத்திக் காட்டினான். கம்பி சிவந்தது. அன்று நான் நடத்திக்கொண்டிருந்ததும் மின்னோட்டத்தின் வெப்ப விளைவுதான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. வகுப்பு முழுவதற்கும் அதைத் தூக்கிக் காட்டி, "அறிவியல் கண்காட்சிக்கு வைக்கலாம்" என்று பாராட்டி, அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. கால்சட்டைப் பையில் வைத்திருந்த உபரி மின்கலம் தீப்பிடித்துத் தொடையில் புண். அவன் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். பள்ளிக்கு வந்து என்னிடம் கேட்டார்: "நான் பதினெட்டு வருசமா மருந்தோட பொழங்குறேன் டீச்சர், என் கையில ஒரு காயம் கிடையாது. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு எப்படி டீச்சர் தீக்காயம்?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அது மின் சிகரெட்டின் சூடேற்றும் பகுதி. பிள்ளைகள் அதை 'அட்டமைசர்' என்கிறார்கள். அன்றே எனக்குத் தெரிந்திருந்தால் அவனிடம் நான் பேசியிருக்கும் பேச்சு வேறு. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

சீனாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹோன் லிக் 2003-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய கருவியே இன்றைய மின் சிகரெட்டுகளுக்கு முன்னோடி. புகையில்லாச் சிகரெட்டு என்ற பெயரில் அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1963-இல், காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இன்று பேனா, மார்க்கர், பென் டிரைவ், வாசனைத் திரவியக் குப்பி என்று எந்த வடிவத்திலும் அது வருகிறது. வெளித்தோற்றம் எதுவானாலும் உள்ளே இருப்பவை நான்குதான்: மின்கலம், கம்பிச் சுருள், திரி, திரவம்.

பஞ்சுத் திரி திரவத்தை நுண்புழை ஏற்றத்தால் உறிஞ்சிச் சுருளுக்குக் கொண்டுவருகிறது. மண்ணெண்ணெய் விளக்கின் திரி செய்யும் அதே வேலை. மின்கலம் சுருளைச் சூடாக்குகிறது. சூடான திரவம் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்திவலைகளாக மாறுகிறது. புகைபோலத் தெரிவது அந்தத் திவலைகள்தான். எதுவும் எரியவில்லை என்பதால், "இது வெறும் நீராவி டீச்சர், ஒண்ணும் செய்யாது" என்று மாணவர்கள் நம்புகிறார்கள். அது நீராவி அல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கடையில் கிடைக்கும் கருவியில் இந்தப் பகுதி ஒட்டி மூடப்பட்டிருக்கும். தீர்ந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். கைவேலை தெரிந்தவர்கள் வைத்திருப்பது வேறு வகை. அதைப் பிரித்து, பழைய சுருளையும் கருகிய பஞ்சையும் எடுத்துவிட்டு, புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். எந்தக் கம்பி, எத்தனை சுற்று, எவ்வளவு பஞ்சு என்று மாற்றி மாற்றிப் பார்த்து, தமக்குப் பிடித்த அளவுக்குக் கொண்டுவருவதில் ஒரு போதை இருக்கிறது. நிகோடினுக்கு முன்பே அந்த விளையாட்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறது. என் மாணவனும் அப்படித்தான் உள்ளே போயிருக்கிறான்.

அவர்கள் மாற்றிப் பார்ப்பது எதை?

நம் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தைத்தான். கம்பியின் நீளம் இரட்டிப்பானால் மின்தடை இரட்டிப்பாகும். விட்டம் இரட்டிப்பானால் மின்தடை கால் பங்காகக் குறையும். நிக்ரோம் கம்பியின் மின்தடை எண் அதிகம் என்பதால் இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு எல்லாவற்றிலும் அதைப் பயன்படுத்துகிறோம். நிக்கலும் குரோமியமும் கலந்த அதே கம்பி இங்கும் வருகிறது.

பிள்ளைகள் செய்யும் பிழையும் இதே பாடத்தில்தான் இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட். சுருளின் மின்தடை 1.8 ஓம் என்றால், ஓம் விதிப்படி மின்னோட்டம் சுமார் 2 ஆம்பியர், மின்திறன் 7.6 வாட். "ஆவி அதிகம் வரட்டும்" என்று தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் போட்டு மின்தடையை 0.2 ஓமுக்குக் குறைத்தால்? மின்னோட்டம் 18.5 ஆம்பியர், மின்திறன் 68 வாட். மின்தடை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. மின்கலத்தின் மீது சுமை ஒன்பது மடங்கு ஏறியது.

பழைய பவர் பேங்கிலிருந்தும் மடிக்கணினி பேட்டரியிலிருந்தும் பிள்ளைகள் கழற்றி எடுப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை மின்கலம். அவற்றில் பல, இவ்வளவு மின்னோட்டத்தைத் தரும்படி செய்யப்பட்டவை அல்ல. பவர் பேங்குக்குள் இருக்கும்போது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு சிறு மின்சுற்று அட்டை உடன் இருக்கும். கழற்றி எடுக்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் உள்ளே நடக்கும் வேதிவினை தன் வெப்பத்தாலேயே மேலும் வேகம் எடுக்கும். உள்ளிருக்கும் கரிமக் கரைப்பான் தீப்பற்றக்கூடியது. ஒரு கட்டத்துக்குமேல் பொத்தானை விட்டாலும் அது நிற்காது.

என் மாணவனுக்கு நடந்தது இன்னும் எளிய விஷயம். மின்கலமும் சைக்கிள் சாவியும் சில்லறைக் காசும் ஒரே பையில். காசு இரு முனைகளையும் இணைத்தால் சுற்றில் மிஞ்சுவது அகமின்தடை மட்டும். அது ஓமில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் எழுபது ஆம்பியருக்கு மேல் பாயும். மேல்நிலை வகுப்பில் அகமின்தடைக் கணக்குப் போடும்போது இந்தக் காசுக் கணக்கையும் கொடுங்கள். மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

"வெறும் நீராவி" அல்ல

காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்திமேல் காட்டும் சோதனையை நாம் எல்லாரும் செய்திருப்போம். தண்ணீர் இருக்கும்வரை காகிதம் எரியாது, ஏனென்றால் வெப்பநிலை தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. சுருளிலும் இதே கதை. திரி நனைந்திருக்கும்வரை சூடு திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். திரி காய்ந்தால் சுருள் சிவக்கும், பஞ்சு கருகும்.

ஆனால் இந்தத் திரவம் தண்ணீர் அல்ல. புரோப்பிலின் கிளைக்காலும் கிளிசராலும் கலந்தது. முன்னதன் கொதிநிலை சுமார் 188 டிகிரி செல்சியஸ், பின்னதன் கொதிநிலை சுமார் 290 டிகிரி. எனவே திரி நனைந்திருந்தாலும் சூடு அதிகம். அந்தச் சூட்டில் இவற்றின் மூலக்கூறுகள் ஓரளவு சிதைகின்றன. கிளிசரால் நீரை இழந்தால் அக்ரோலின் உண்டாகும். சட்டியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதற்குக் காரணம் இந்தப் பொருள். கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். உயிரியல் ஆய்வகத்தில் மாதிரிகள் கெடாமல் இருக்க ஊற்றி வைக்கும் ஃபார்மலினில் இருப்பதும் அதுதான். திரி காயக் காய இவற்றின் அளவு கூடும். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியோடு போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இவற்றோடு நிகோடினும் சேர்கிறது. மூளை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அது பழக்கத்தை ஆழமாக ஊன்றுகிறது. கவனத்தையும் பாதிக்கிறது. திரவத்தை விழுங்கினால் நஞ்சு. தோலில் கொட்டினாலும் உள்ளே இறங்கும்.

வீட்டில் கலக்கும் திரவத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. 2019-இல் அமெரிக்காவில் கடுமையான நுரையீரல் பாதிப்பு ஒன்று பரவலாகக் காணப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சா சார்ந்த திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட்டுக்கு இதில் வலுவான தொடர்பு இருப்பது தெரியவந்தது. தோலில் தடவும்போதோ மாத்திரையாக விழுங்கும்போதோ தீங்கு செய்யாத பொருள், நுரையீரலுக்குள் போனதும் உயிரைக் குடித்தது. "சாப்பிடுற எசன்ஸ்தானே டீச்சர்" என்று சொல்லும் மாணவனுக்கு இந்தச் செய்தியைச் சொல்லலாம்.

நம் ஊரில் இது ஏன் கூடுதல் ஆபத்து?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் 'திரி' என்றால் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுத் திரி. 'மருந்து' என்றால் வெடிமருந்து. ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. இரும்புக் கருவி கூடாது. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உடலில் தேங்கும் நிலைமின்சாரத்தைத் தரையிறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளோடு வேலை பார்ப்பவர்கள் நம் மாணவர்களின் பெற்றோர். அந்த அம்மாவின் பதினெட்டு வருடக் கணக்குக்குப் பின்னால் இருப்பது அதிர்ஷ்டம் இல்லை, ஒழுங்கு.

அந்த ஒழுங்கு ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. வேலை முடிந்து வருபவரின் உடையில் மருந்துத் தூசி இருக்கலாம். சில வீடுகளில் அனுமதியின்றிக் கருந்திரி வைத்திருந்து விபத்து நடந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் சிவக்கும் சுருளும் காவல் இல்லாத மின்கலமும் ஒரு பையனின் சட்டைப் பையில் இருந்தால் என்ன ஆகும்? ஆலைக்குள் தீப்பொறி போகாமல் இத்தனை பேர் காவல் காக்கிறார்கள். வீட்டுக்குள் அது பள்ளிப்பையில் போய்விடக் கூடாது. நுரையீரல் பாதிப்பைச் சொன்னால் அசையாத மாணவனும் இதைச் சொன்னால் புரிந்துகொள்கிறான், ஏனென்றால் இது அவன் ஊர் விஷயம்.

சட்டம் சொல்வது

தமிழ்நாடு அரசு 2018-லேயே மின் சிகரெட்டுகளைத் தடை செய்தது. 2019-இல் ஒன்றிய அரசின் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் பொருந்தும். "நிகோடின் இல்லாத ஜூஸ்" என்பது சட்டத்தின் முன் நிற்காது.

ஆகவே பள்ளி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உனக்கு இதை விற்றது யார்?" என்பதுதான். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று எழுந்த முதல் பேச்சு, "டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம்" என்பது. டி.சி. வாங்கிய பிள்ளை எங்கே போகும்? பெரும்பாலும் வேலைக்குத்தான். தலைமையாசிரியர் அதை ஏற்கவில்லை. அந்த ஒரு முடிவுக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, அடையாளம் காணுங்கள். எழுதாத பேனா, செருகினால் திறக்காத பென் டிரைவ், மெல்லிய கம்பிச் சுருள், சின்னக் குப்பியில் பழவாசனைத் திரவம், தனியாக ஒரு உருளை மின்கலம். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் பொறுமையாக விசாரியுங்கள்.

இரண்டு, எடுத்த மின்கலத்தை மேசை இழுப்பறையில் போடாதீர்கள். அங்கே குண்டூசியும் சாவியும் இருக்கும். இரு முனைகளிலும் காப்பு நாடா ஒட்டி, மற்ற உலோகப் பொருள்களிலிருந்து விலக்கி வையுங்கள். வீங்கியோ சூடாகவோ இருந்தால் மின்னேற்றம் செய்யவோ துளைக்கவோ கூடாது. திறந்த வெளியில் உலர்ந்த மணல் வாளியில் வைத்து, பிள்ளைகளை விலக்குங்கள். தீப்பிடித்தால் 101.

மூன்று, தீக்காயம் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் குழாய்நீரில் காட்டி, மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

நான்கு, பழக்கம் ஏற்பட்டிருந்தால் 1800 112 356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பெற்றோரை அழைக்கும்போது மாணவனைச் சுற்றி ஆசிரியர் கூட்டம் நிற்க வேண்டாம். ஒருவர் பேசினால் போதும்.

ஐந்து, அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். எனக்கு இதுதான் பலன் தந்தது.

அந்தக் கைக்கு ஒரு வேலை

புண் ஆறி அவன் திரும்பி வந்தபோது ஆய்வகத்தில் ஒரு தெர்மகோல் வெட்டும் கருவி செய்யச் சொன்னேன். கால் மில்லிமீட்டர் விட்டமுள்ள நிக்ரோம் கம்பி, மரச்சட்டம், டார்ச்சுக்குப் போடும் பெரிய உலர் மின்கலம் இரண்டு, ஒரு பொத்தான், ஒரு மல்டிமீட்டர். லித்தியம் மின்கலம் கிடையாது. கம்பியைச் சுருட்டவும் கூடாது, இழுத்து நேராகக் கட்ட வேண்டும். ஆய்வகத்தில், சன்னல்களைத் திறந்து வைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கம்பி 15 செ.மீ. இருந்தால் மின்தடை சுமார் 3.3 ஓம். 20 செ.மீ. என்றால் 4.4 ஓம். 25 செ.மீ. என்றால் 5.5 ஓம். ஒவ்வொன்றையும் முதலில் கணக்கிட்டு, பிறகு மல்டிமீட்டரில் அளந்து, ஒரே தடிமனுள்ள தெர்மகோலை வெட்ட எத்தனை நொடி ஆகிறது என்று அட்டவணை போட்டான். 15 செ.மீ. கம்பி வெண்ணெய்போல வெட்டியது. 25 செ.மீ. கம்பி தயங்கித் தயங்கி நகர்ந்தது. கணக்கில் வந்த மின்னோட்டத்தைவிட மீட்டரில் காட்டியது குறைவு. "ஏன் டீச்சர் குறையுது?" என்று அவனாகவே கேட்டான். அகமின்தடைக்கு நான் பாடம் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? அவன் பையில் நடந்ததற்கும் அந்த அகமின்தடைக்கும் உள்ள தொடர்பை அவனே பலகையில் எழுதிக் காட்டினான்.

பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. நடுவில் ஒருமுறை மீண்டும் தொடங்கினான். அவனே வந்து சொன்னான். உதவி எண்ணில் பேசினோம். அம்மாவுக்கும் தெரியும். பத்தாம் வகுப்புத் தேறி இப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கிறான். அவன் செய்த வெட்டும் கருவியை எங்கள் ஆய்வகத்தில் இப்போதும் பயன்படுத்துகிறோம்.

அம்மாவுக்குப் பதில் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். "உங்க ஆலையில வாசல்லயே சோதிச்சுத்தான் உள்ள விடுறாங்க. நான் வகுப்பு வாசல்ல எதையும் சோதிக்காம விட்டுட்டேன், அதான்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையனை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று அவனிடம் நான் "என்னடா இது?" என்று கேட்டேன். எப்படிச் செய்தாய் என்றும் கேட்கவில்லை, எதற்குச் செய்தாய் என்றும் கேட்கவில்லை. இப்போது எந்த மாணவன் எதைச் செய்து கொண்டுவந்தாலும் இரண்டையும் கேட்கிறேன். 'எப்படி' என்று கேட்டால் அவன் திறமை தெரிகிறது. 'எதற்கு' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.